எதிராளி கிடைக்காத பயில்வான்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



நம்ம பக்கத்தில் யாராவது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் போதும், பெரிய தாராசிங்னு நினைப்பு என்று பெரியவர்கள் கிண்டலடிப்பார்கள். அந்த தாராசிங் பிறப்பதற்கு முன்பே லண்டன் வரை போய் வெள்ளைக்காரப் பயில்வான்களை மண்ணைக் கவ்வ வைத்த ஒரு மாவீரர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் காமா! பயில்வான், குஸ்தி, வஸ்தாது என்று நாம் பேசும் சொற்கள் எல்லாம் வடக்கிலிருந்து வந்து நம் ஊரில் குடியேறியவை. அந்தச் சொற்களுக்கெல்லாம் ஓர் உருவம் கொடுத்தால் அது காமாவின் உருவமாகத்தான் இருக்கும் என்றால் மிகையாகாது.

காமாவின் இயற்பெயர் குலாம் முகம்மது. 1878-ல் பிறந்தார். பஞ்சாபின் அமிர்தசரஸ் பக்கத்துப் பயில்வான் குடும்பம். தந்தை, தாத்தா, மாமன் எல்லோருமே கோதாவில் இறங்கியவர்கள். தந்தை அஜீஸ் பக்ஷ், இப்போது மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் தாத்தியா சமஸ்தானத்தில் அரண்மனைப் பயில்வான். காமாவுக்கு ஆறு வயது இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாத்தா எடுத்து வளர்த்தார், அவரும் போய்ச் சேர்ந்தார். அப்புறம் மாமன்தான் வஸ்தாதாக இருந்து பயிற்சி கொடுத்தார். அப்பா இல்லாத பையன், அப்பாவின் தொழிலை விடவில்லை.

1888-ல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். குஸ்தி இல்லை, பைட்டக் போடும் போட்டி. பைட்டக் என்றால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. நம் ஊரில் பஸ்கி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போடச் சொன்ன தோப்புக்கரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள், காதைப் பிடிக்காமல்! நானூறு பேருக்கு மேல் வந்திருந்தார்களாம், எல்லாம் வளர்ந்த ஆம்பளைகள். ஒவ்வொருவராக விழுந்து விழுந்து கடைசியில் பதினைந்து பேர் மிச்சம். அதில் ஒருவன் பத்து வயது காமா. வயதைப் பார்த்த மகாராஜா அவனையே வெற்றி பெற்றவனாக அறிவித்துவிட்டார். எத்தனை பஸ்கி போட்டான் என்பதை ஆளுக்கு ஒரு கணக்காகச் சொல்கிறார்கள். நாம் அதற்குள் போக வேண்டாம்.

பெரியவரான பிறகு காமாவின் அன்றாடக் கணக்கு 5000 பைட்டக், 3000 தண்டால் என்று சொல்வார்கள். முதலில் நான் நம்பவில்லை. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு செகண்டுக்கு ஒரு பைட்டக் என்றால் 5000-க்கு 10,000 செகண்ட், அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். மூன்று செகண்டுக்கு ஒரு தண்டால் என்றால் 3000-க்கு இரண்டரை மணி நேரம். ஆக மொத்தம் ஐந்தேகால் மணி நேரம். அதற்குமேல் கோதாவுக்குள் ஆட்களோடு பிடி பழகுவது தனி. வேறு வேலை எதுவும் இல்லாத ஆளுக்கு முடியாத கணக்கு இல்லை. ஆனால் தினமும் முடியுமா என்றால்... அதுதான் காமா!

இன்னொரு கதையும் உண்டு. 1902-ல் பரோடாவில் 1200 கிலோ கல்லை அவர் தூக்கினார் என்கிறார்கள். அந்தக் கல் இன்றும் அங்கே மியூசியத்தில் இருக்கிறது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகம்தான். தரையிலிருந்து எடை தூக்குவதில் இன்றைக்கு உலக சாதனையே 500 கிலோ சொச்சம். ஒரு பக்கமாக நெம்பிப் புரட்டியிருக்கலாம். நெம்புகோல் தத்துவம் நமக்குத் தெரியாததா? அப்படிப் புரட்டினாலும் அது சாதாரண விஷயம் இல்லை.

ஏன் தண்டாலைவிட பைட்டக் அதிகம் என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லோடுமேன். அவர் எடை 58 கிலோ, தூக்கும் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கையால் தூக்குகிறவன் ஒரு வாரத்தில் ஓடிப்போவான், இடுப்பாலும் முட்டியாலும் தூக்குகிறவன்தான் நிலைப்பான் என்பது அவர் கணக்கு. காமாவின் குஸ்தியும் அதே கணக்குதான். எதிராளியின் காலையோ இடுப்பையோ பிடித்து, கீழே புகுந்து, அடியிலிருந்து பெயர்த்து எடுப்பது. அதற்குத் தொடையும் முட்டியும் இரும்பாக இருக்க வேண்டும். காமா ஐந்தடி ஏழு அங்குலம்தான், எடை ஏறக்குறைய 90 கிலோ. குட்டையான ஆள் நெட்டையான ஆளின் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே சுலபமாகப் புகலாம். இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்களுக்கும் இது புரியும்!

அவருடைய முத்திரை இன்னொன்று, வேகம். எதிராளியைச் சுற்றிச் சுற்றி வந்து நோட்டம் பார்ப்பதெல்லாம் கிடையாது. முதல் நிமிடத்திலேயே பாய்ந்து தரையில் சாய்த்துவிடுவார். அவருடைய பெரிய வெற்றிகள் பலவும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தவை.

அவருக்குச் சரிசமமாக நின்றவர் ஒருவர் உண்டு. குஜ்ரன்வாலா ஊரைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா. உயரம் ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு! வயதில் மூத்தவர், அப்போதே பெரிய சாம்பியன். 1895-ல் இருவரும் முதலில் மோதியபோது காமாவுக்குப் பதினேழு வயது. நம்மைவிடச் சின்னப் பையன். சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் பல மணி நேரம் போராடி டிராவில் முடிந்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் மற்றப் பெரிய பயில்வான்களை எல்லாம் காமா ஜெயித்தார். ரஹீமை மட்டும் ஜெயிக்க முடியவில்லை.

1910-ல் காமா தம்பி இமாம் பக்ஷோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். வங்காளத்துச் செல்வந்தர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டார். அங்கே போனால் என்ன நடந்தது தெரியுமா? உயரம் போதவில்லை என்று போட்டியில் சேர்த்துக்கொள்ளவில்லை! ஆறாயிரம் மைல் கடலைத் தாண்டி வந்த ஆளை டேப்பை வைத்து அளந்து திருப்பி அனுப்புகிறார்கள். திறமையைப் பார்க்காமல் அளவைப் பார்க்கும் கேட் அன்றைக்கே இருந்திருக்கிறது.

காமா ஊருக்குத் திரும்பவில்லை. எந்த எடையாக இருந்தாலும் சரி, மூன்று பேரை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துகிறேன் என்று பகிரங்கமாகச் சவால் விட்டார். யாரும் வரவில்லை. சும்மா விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். அவர் படித்த டாக்டர், பெரிய பயில்வானும்கூட. முதல் தடவை ஒரு நிமிடம் நாற்பது செகண்டில் மல்லாக்கக் கிடந்தார். இரண்டாவது தடவை ஒன்பது நிமிடம் சொச்சம் தாங்கினார். மறுநாள் பன்னிரண்டு பேரை வரிசையாகச் சாய்த்தார் காமா. அதன் பிறகுதான் கதவு திறந்தது. தம்பியும் சும்மா இருக்கவில்லை, சுவிட்சர்லாந்தின் ஜான் லெம்மைத் தோற்கடித்தார்.

1910 செப்டம்பர் 10. எதிரே போலந்து நாட்டு ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. காமாவைவிட ஏறக்குறைய 25 கிலோ கூடுதல். பரிசு 250 பவுண்டும் ஜான் புல் பெல்ட்டும். முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் குஸ்தியில் கீழே தள்ளினால் மட்டும் ஜெயிப்பு இல்லை. மல்லாத்தி இரண்டு தோளும் தரையில் படவைக்க வேண்டும். ஸ்பிஸ்கோ என்ன செய்தார் தெரியுமா? குப்புறப் படுத்துக்கொண்டார்! எழுந்திருக்கவே இல்லை. காமா இழுத்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். விரித்த கை காலோடு தரையை ஒட்டிக் கிடக்கும் 115 கிலோவைப் புரட்டுவது லேசா? ஈர்ப்பு மையம் தரைக்குப் பக்கத்தில், தாங்கும் பரப்போ அகலம்! மேலும் காமா பழகியது மண் கோதாவில், இங்கே விரித்திருந்தது மெத்தை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே இதே நிலை. கூட்டம் வெறுத்துப்போனது. டிரா என்று அறிவித்து, 17-ம் தேதி மறுபடி மோத நாள் குறித்தார்கள். அன்று காமா வந்தார். ஸ்பிஸ்கோ வரவில்லை. பெல்ட்டைக் காமாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பெல்ட் கிடைத்தது, மோத ஆள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர்கள் இரண்டு, அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச், ரஷ்யாவின் ஹேக்கன்ஷ்மிட். இரண்டு பேருமே காமாவோடு கடைசிவரை கை கலக்கவில்லை. நம்மை ஆண்டுகொண்டிருந்த நாட்டின் தலைநகரில் ஒரு இந்தியன் நின்று வா வா என்று கூப்பிடுகிறான், வரமாட்டேன் என்கிறார்கள். தோற்றதாகக் கணக்கு வராது அல்லவா? இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்வேன். கெட்டிக்காரத்தனம் என்று என் பெஞ்ச் நண்பன் சொல்கிறான். இன்னும் சண்டை ஓயவில்லை.

ஊர் திரும்பிய காமா அலகாபாத்தில் மறுபடி ரஹீமோடு மோதினார். நீண்ட நேரம் போராடி, இந்தத் தடவை ஜெயித்தார். ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் அவருக்கு வந்தது. இந்தியாவின் மாபெரும் மல்லன் என்று அர்த்தம். ரஹீமைத்தான் தன் எதிராளிகளிலேயே பலசாலி என்று காமா கடைசிவரை மதித்தார்.

ஸ்பிஸ்கோவின் கதை வேறு திசையில் போனது. அமெரிக்காவில் 1921-ல் உலகச் சாம்பியன் ஆனார். அதற்குள் அங்கே குஸ்தி பாதிக்கு மேல் நாடகமாக மாறியிருந்தது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வார்கள். இன்று நாம் போனில் பார்க்கும் டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு அதுதான் தாத்தா. 1925-ல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரரான வேய்ன் மன்னிடம் ஸ்பிஸ்கோ தோற்க வேண்டும் என்று பேச்சு. அவரோ பேச்சை மீறி நிஜமாகவே மன்னை மல்லாத்திப் பட்டத்தைப் பறித்துவிட்டார்! ஆக, ஸ்பிஸ்கோ வெறும் குப்புறப் படுக்கிற ஆள் இல்லை. நிஜக் குஸ்தி தெரிந்தவர்.

அந்த ஸ்பிஸ்கோ 1928 ஜனவரியில் பாட்டியாலாவுக்கு வந்தார். மகாராஜா பூபிந்தர் சிங் ஏற்பாடு. பதினெட்டு வருடப் பாக்கி! இருவருக்கும் ஐம்பது வயது நெருங்கிவிட்டது. இந்தத் தடவை மெத்தை இல்லை, நம்ம ஊர் மண் கோதா. கைகுலுக்கினார்கள், பிடித்தார்கள், முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! ஸ்பிஸ்கோவுக்குக் குப்புறப் படுக்க நேரம் கிடைக்கவில்லை. மகாராஜா வெள்ளிக் கதாயுதம் பரிசளித்தார். அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் வந்தார். அவரும் இரண்டு நிமிடம் தாங்கவில்லை. பிறகு பெரிய மோதல் எதுவும் அமையவில்லை. வயது ஏறிக்கொண்டே போனது, சவால் விட ஆள் இல்லை.

1947-ல் நாடு பிரிந்தது. காமா லாகூரில் இருந்தார். கலவரக் கும்பல் வந்தபோது தன் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களுக்கு முன்னால் தன் ஆட்களோடு போய் நின்று, அவர்கள் மேல் கை படாமல் பார்த்துக்கொண்டார். பிறகு எல்லை வரை பாதுகாப்பாக அனுப்பிவைத்தார். இது அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. தன் வாழ்க்கையில் அவர் இறங்கிய கோதாக்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

பயில்வான்களுக்குப் பாலும் பாதாமும் நெய்யும் கொடுத்தது ராஜாக்கள். சமஸ்தானங்கள் போன பிறகு யார் கொடுப்பார்கள்? உலகையே சவாலுக்கு அழைத்தவருக்குப் பென்ஷன் தரும் கம்பெனி எது? கடைசிக் காலத்தில் நோயும் வறுமையும் சேர்ந்து வந்தன. இந்தியாவிலிருந்து தொழிலதிபர் ஜி.டி. பிர்லா மாதம் 300 ரூபாய் அனுப்பினார். பாகிஸ்தான் அரசு வைத்தியச் செலவுக்கு உதவியது. 1960 மே 23 அன்று லாகூரில் காமா காலமானார்.

அவர் போன பிறகும் குடும்பம் கோதாவை விடவில்லை. 1976-ல் ஜப்பானின் தொழில்முறை மல்யுத்தச் சாம்பியன் அன்டோனியோ இனோகி கராச்சிக்கு வந்தார். அந்த வருடம் ஜூனில்தான் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியோடு மோதிய பேர்வழி. அலியின் குத்து படாமல் இருக்க இனோகி பெரும்பாலான நேரம் மல்லாக்கப் படுத்துக்கொண்டே காலால் உதைத்தார், டிரா ஆனது. ஸ்பிஸ்கோ குப்புற, இனோகி மல்லாக்க! ஆனால் கராச்சியில் இனோகி படுக்கவில்லை. இமாம் பக்ஷின் மகன் அக்ரம் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்ததால் கையை முறுக்கி உடைத்துவிட்டார்.

குடும்பத்துக்கு அது பெரிய அவமானம். அக்ரமின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான அஸ்லமின் மகன் ஜாராவைத் தயார் செய்தார்கள். பழைய முறைதான்... விடியற்காலை, தண்டால், பைட்டக், மண் கோதா. 1979 ஜூனில் லாகூரில் இனோகியோடு மோதியபோது ஜாராவுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஐந்து ரவுண்ட் போயும் யாரும் யாரையும் வீழ்த்த முடியவில்லை. முடிவு டிராதான். மணி அடித்ததும் இனோகி அந்தப் பையனின் கையைப் பிடித்து உயரத் தூக்கிக் காட்டினார்.