அல்பிரூனி கண்ட உருவமற்ற இறைவன்

கஜினி மஹ்மூத் என்றதும் நம் பாடப் புத்தகங்களுக்கு சோமநாதர் ஆலயம்தான் நினைவுக்கு வரும். அதே மன்னரின் ஆட்சியில் வாழ்ந்துகொண்டு, இந்துக்களின் நூல்களுக்குள் உருவமற்ற இறைவனைத் தேடிப் பார்த்த முஸ்லிம் அறிஞர் ஒருவரும் இருந்தார். அபூரைஹான் அல்பிரூனி (ரஹ்) அவர்களைத்தான் சொல்கிறோம்.

கி.பி. 973-இல், இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த குவாரிஸ்ம் பகுதியில் பிறந்தார். கணிதத்திலும் வானியலிலும் மேதை. 1017-இல் குவாரிஸ்மைக் கைப்பற்றிய மஹ்மூத், அறிஞர்கள் பலரோடு இவரையும் கஸ்னாவுக்குக் கொண்டு சென்றார். அது அழைப்பு அல்ல, ஏறக்குறைய சிறைப்பிடிப்பு. படைகள் திறந்த பாதையில் பஞ்சாபுக்கு வந்தார். அங்கே நந்தனா கோட்டையருகே ஒரு மலையை வைத்துப் பூமியின் அளவைக் கணக்கிட்டது தனிக்கதை.

நாற்பது வயதைத் தாண்டியபின் சமஸ்கிருதம் கற்றார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். மஹ்மூத் இறந்த 1030-ஐ ஒட்டி 'கிதாபுல் ஹிந்த்' நூலை முடித்தார். அதில் கோயில்களையும் சிலைகளையும் பற்றிப் பேசுமுன், இறைவனைப் பற்றி இந்துக்கள் என்ன நம்புகிறார்கள் என்று ஓர் அத்தியாயம் வைத்தார். அவர்களில் கற்றவர்கள் இறைவனை ஒருவன், தொடக்கமும் முடிவும் இல்லாதவன், எதற்கும் ஒப்பாகாதவன் என்றே கொள்கிறார்கள் என்று பதஞ்சலியையும் கீதையையும் கொண்டு எடுத்துக்காட்டினார். வாதம் செய்து வெல்வதற்காக அல்ல, உள்ளதை உள்ளபடி சொல்வதற்காகவே எழுதுவதாக அறிவித்திருந்தார். சிலை வணக்கத்தை அவர் ஏற்கவில்லை. அதில் மழுப்பலும் இல்லை.

அப்படியானால் சிலைகள் எங்கிருந்து வந்தன? புலன்களுக்கு எட்டாததைப் பாமர மனம் தாங்காது, கண்ணால் காண்பதையே அது நாடும் என்பது அவருடைய விடை. மதிப்புக்குரியவர்களின் நினைவுக்காக வைத்த உருவங்கள், காரணம் மறந்துபோனதும் வணக்கத்துக்குரியவை ஆயின. நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தை மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. அல்பிரூனி காட்டிய உதாரணம்தான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. கல்லாத ஒரு முஸ்லிமிடம் நபி (ஸல்) அவர்களின் படம் என்றோ கஃபாவின் படம் என்றோ ஒன்றைக் காட்டினால், அவர் அதை முத்தமிட்டுக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வார் என்று எழுதினார். கஃபா படம் போட்ட பழைய காலண்டரைக் கிழிக்க மனமில்லாமல் பரணில் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் நமக்குத் தெரியும். நம் வீடும் அதில் ஒன்று.

மஹ்மூதின் படையெடுப்புகள் அந்த நாட்டின் செழிப்பைச் சிதைத்தன, இந்துக்களின் மனத்தில் முஸ்லிம்கள் மீது ஆழ்ந்த வெறுப்பை விதைத்தன, அவர்களுடைய கலைகள் காஷ்மீர், காசி என்று எட்டாத ஊர்களுக்கு ஒதுங்கிவிட்டன என்றும் எழுதினார். கஜினியின் வாரிசுகள் ஆண்ட காலத்தில் இதை எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

எழுபது வயதைக் கடந்து கஸ்னாவிலேயே வஃபாத்தானார். 'கிதாபுல் ஹிந்த்' ஒரு ஜெர்மானிய அறிஞரின் முயற்சியால் 1887-இல் லண்டனில் அச்சேறியது. மதரஸாவில் அகீதா பாடம் முடித்த நாம் அதை முதலில் படித்தது கல்லூரி நூலகத்தில், ஆங்கிலத்தில்.