ஆலத்தூர் பிரம்மானந்த சிவயோகியார்

நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில், தென்மலையின் நிழலில் அமைந்த ஊர் கொல்லங்கோடு. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகப் பாலக்காட்டுச் சீமைக்குள் வரும் நம்மவர் அவ்வூரை நன்கறிவர். மழைக்காலத்தில் மலைமுகட்டிலிருந்து வெள்ளிக் கோடுகளாக இறங்கும் அருவிகளைப் பேருந்தின் சாளரத்தினூடே குழந்தைகளுக்குக் காட்டி மகிழ்வதும் உண்டு. ஆயினும் அவ்வூரிற் பிறந்து, ஏழைக்கும் எளியவர்க்கும் யோகத்தை உரிமையாக்கப் பாடுபட்ட பெரியார் ஒருவரின் பெயரை நம் குழந்தைகள் கேட்டிருப்பரோ என்பது ஐயமே. பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய நாட்டின் சான்றோரை அறிந்து கொள்ளுதல் நம் கடமைகளுள் ஒன்றாதலின், அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கி எழுத முற்பட்டேன்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். சிவயோகி என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருபவர் இருடிகேசத்துச் சிவானந்தர். அவர் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-ல் பிறந்து, மலாயாவில் மருத்துவராயிருந்து, பின்னர்த் துறவு பூண்டவர். வடகரையில் சித்த சமாஜம் கண்ட சிவானந்த பரமஹம்சர் மற்றொருவர். நாம் இங்குப் பேசும் பிரம்மானந்த சிவயோகியார் இவ்விருவரினும் மூத்தவர். பெயர் ஒப்புமையால் மூவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் உளராதலின் இதனைக் குறித்தேன்.

இவர் 1852-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் கொல்லங்கோட்டில் காராட்டுக் குடும்பத்தில் தோன்றினார். கோவிந்த மேனன் என்பது பிள்ளைப் பருவத்துப் பெயர். வீட்டார் கோவிந்தன்குட்டி என்று அழைத்தனர். சட்டம்பி சுவாமிகள் இவருக்கு ஓராண்டு இளையவர். ஸ்ரீ நாராயண குருவும் இவரினும் சில ஆண்டுகளே இளையவர். மலையாள நாட்டின் சிந்தனையைப் புரட்டிய மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தனர் என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிருந்தது. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த போதுதான் கேரளத்தோடு இணைந்தது. ஆகவே சிவயோகியார் தம் வாழ்நாள் முழுதும் நம் முன்னோர் வாழ்ந்த அதே மாகாணத்தில், அதே ஆட்சியின் கீழ் வாழ்ந்தவரே. அரசு ஒன்றாயினும் ஊர்களின் நிலை வேறு. தீண்டாமை மட்டுமன்றி, இன்னார் இன்னாரை இத்தனை அடி தொலைவிற்கு மேல் நெருங்கலாகாது என்னும் அளவுக் கணக்கும் அங்கு வழக்கிலிருந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாதவர் ஒருபுறமிருக்க, கோயிலைச் சுற்றிய வீதியிலே நடக்க முடியாதவரும் பல்லாயிரவர். 1924-ல் கல்பாத்தித் தேர்த் திருவிழாவின்போது அக்கிரகார வீதிகளில் ஈழவர் நடப்பது பற்றி எழுந்த பெரும்பிணக்கு, நம் பெரியார் உயிரோடிருந்த காலத்திலேயே, அவர் இருந்த ஊருக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. இதனை மனத்திற் கொண்டாலன்றி அவர் கற்பித்த யோகத்தின் பொருள் விளங்காது.

வடமொழியை ஆழ்ந்து கற்ற கோவிந்த மேனன் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். கோழிக்கோட்டில் பிரம்ம சமாஜத்தின் கிளையை 1898-ல் தொடங்கிய மருத்துவர் அய்யத்தான் கோபாலனோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. உருவ வழிபாட்டையும் சாதி வேற்றுமையையும் மறுத்த அச்சமாஜத்தின் கொள்கைகள் அவர் உள்ளத்தில் ஏற்கெனவே கனன்று கொண்டிருந்த தீக்கு நெய்யாயின. அவ்வழிபாட்டுக் கூட்டங்களிற் பாடுதற்கெனப் பாடல்களும் இயற்றித் தந்தார். ஆயினும் அச்சமாஜத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கூட்டமாக அமர்ந்து பாடுவதைவிட, ஒவ்வொருவரும் தனித்திருந்து தம் மனத்தை அடக்குவதே மேலானது என்னும் முடிவுக்கு வந்தார். அதற்கு அவர் கண்ட வழி இராசயோகம்.

1899-ல் அவர் வெளியிட்ட செய்யுள் நூல் ஸ்திரீ வித்தியா போஷிணி. பெண்கள் கல்வி பெறுதல் வேண்டும் என்பதே அதன் பொருள். யோக நூல் எழுதும் ஒருவர் பெண்கல்வியைப் பாடுவானேன் என்று சிலர் வியக்கலாம். அறிவு விளங்காத இடத்தில் மனம் அடங்காது. மனம் அடங்காத இடத்தில் ஆனந்தம் இல்லை. வீட்டில் பாதிப்பேர் எழுத்தறியாதிருக்க மற்றப் பாதிப்பேர் யோகியராதல் எங்ஙனம்? அவருடைய கருத்தைத் தொடர்ந்து செல்வோர்க்கு இவ்விரண்டும் ஒன்றே என்பது புலனாகும்.

இதனை அவர் ஏட்டோடு நிறுத்தவில்லை. அவருடைய மனைவியார் தாவுக்குட்டியம்மை. கணவர் துறவியானபோது இவ்வம்மையார் கைவிடப்படவில்லை. தாமும் யோகநெறியில் நின்று யோகினி மாதா என்னும் பெயரோடு போற்றப்பெற்றார். மனைவியை நள்ளிரவில் விட்டு நீங்கிய ஞானியரின் கதைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றும். எனக்கோ, இப்பெரியாரின் வாழ்வில் மிகவும் மதிக்கத்தக்கது இதுவே என்று தோன்றுகிறது. காட்டுக்குப் போகவேண்டியதில்லை, இல்லறம் யோகத்திற்குத் தடையில்லை என்று மேடையிற் பேசுதல் எளிது. வாழ்ந்து காட்டினோர் சிலரே.

1907-ல் ஆலத்தூரில் சித்தாசிரமத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 55. காயத்திரிப்புழை கொல்லங்கோட்டையும் நெம்மாறையையும் கடந்து ஆலத்தூரை நோக்கி ஓடுகிறது. பிறந்த மண்ணின் நீர் ஓடிவரும் ஊரிலேயே தம் பணியிடத்தையும் அவர் அமைத்துக் கொண்டார். அதன்பின் ஆலத்தூர் சுவாமி என்பதே மக்கள் வழங்கிய பெயராயிற்று.

அவர் கற்பித்த நெறியைச் சிறிது விரித்துரைப்பேன். உயிர்கள் அனைத்தும் நாடுவது ஆனந்தம். பொருள் தேடுவோனும், கள்ளுண்போனும், திருத்தலம் செல்வோனும் நாடுவது அதுவே, வழிதான் பிழை. ஆனந்தம் வெளியே இல்லை. மனம் அமைதியுற்றிருக்கும் நிலையே சுவர்க்கம். அது கலங்கித் தவிக்கும் நிலையே நரகம். இவ்விரண்டின் வேறாகச் சுவர்க்கமோ நரகமோ எங்கும் இல்லை என்பது அவர் துணிபு. ஆதலின் மனத்தை அமைதியுறச் செய்யும் பயிற்சியே மெய்யான சமயம் ஆகும். அதற்குக் கோயில் வேண்டா, குருக்கள் வேண்டா, உயிர்ப்பலி வேண்டா, உடலை வருத்தும் தவமும் வேண்டா.

இராசயோகம் என்றவுடன் அஞ்ச வேண்டுவதில்லை. பதஞ்சலி முனிவர் வகுத்த இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளுள் ஆசனம் பற்றி அம்முனிவர் கூறுவது மிகச் சிறிது: அசையாமலும் துன்பமின்றியும் இருத்தல் வேண்டும், அவ்வளவே. தலைகீழாக நிற்பதும் கைகால்களை முறுக்குவதும் பிற்கால அடயோக நூல்களில் விரிந்தவை. முதுகெலும்பு நேராக அமர்ந்து, மூச்சைச் சீராக்கி, புலன்வழி ஓடும் மனத்தை உள்ளே திருப்பி, ஒன்றிலே நிறுத்துவதே இராசயோகத்தின் சாரம். மனம் நில்லாது ஓடும். ஓடியதை மீண்டும் அழைத்து வரவேண்டும். நூறுமுறை ஓடினால் நூறுமுறை அழைத்து வருவதற்கே பயிற்சி என்று பெயர். பதஞ்சலியார் மனவடக்கத்திற்குக் கூறிய வழிகள் இரண்டே. ஒன்று அப்பியாசம், மற்றொன்று வைராக்கியம். நம்மவருள் பலர் ஒரு திங்கள் அமர்ந்து பார்த்துவிட்டு, மனம் அடங்கவில்லை என்று கைவிட்டோர். மனம் அடங்கியபின் அமர்வதன்று யோகம். அடங்காத மனத்தோடு அமர்வதே அதன் தொடக்கம். தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்குப் புறப்படுமுன் கால்நாழிகை கிடைப்பினும் அது போதும். விட்டுப்போன நாட்களை எண்ணி வருந்துவதில் அக்கால்நாழிகையையும் போக்குதல்தான் கூடாது.

இனி அவர் கொள்கையுள் நம் நெஞ்சைச் சுடும் பகுதிக்கு வருவோம். 1905-ல் மோட்சப்பிரதீபம் என்னும் நூலையும், 1916-ல் விக்கிரகாராதனா கண்டனம் என்னும் நூலையும் அவர் வெளியிட்டார். பின்னதன் பெயரே அதன் பொருளைக் கூறும். கல்லையும் செம்பையும் தொழுதல் அறியாமை என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். தீர்த்தயாத்திரையைக் கண்டித்தார். நிரீச்சுரவாதிகளின் குரு என்று அவரைச் சிலர் குறிப்பிட்டனர். புருஷசிம்மம் என்று வேறு சிலர் போற்றினர்.

நம் குடும்பங்களோ தலைமுறை தலைமுறையாகப் பழனிக்குக் காவடி எடுத்தவை. எந்த மலைக்குக் குடிபெயர்ந்தாலும் முதலில் ஒரு மாரியம்மனை நிறுவிவிட்டே குடிசை போட்டவர்கள் நாம். நமக்கு இக்கண்டனம் உவப்பாயிராது. எனக்கும் அவர் கூறிய அனைத்தும் உடன்பாடல்ல. அன்பினால் தொழுவாரின் உள்ளத்தில் விளையும் அமைதியை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்றே கருதுகிறேன். அவர் தேடிய மனவொடுக்கம் ஒரு மூதாட்டி அகல்விளக்கின் முன் கைகூப்பி நிற்கையிலும் நிகழ்தல் கூடும்.

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் நேர்மை. அவர் அந்நூல்களை எழுதிய நாளில் கோயிற்கதவு யாவருக்கும் திறந்திருக்கவில்லை. திருவிதாங்கூரில் அது 1936-ல் திறந்தது. மலபாரிலோ 1947-ல் சென்னைச் சட்டம் வந்த பின்னரே திறந்தது. கோயிலின்றிக் கதியில்லை என்று கூறும் சமயம், கோயிலுக்குள் விடப்படாதவனுக்குக் கதியே இல்லை என்று கூறுவதாகவும் ஆகிவிடுகிறதன்றோ? அவனை நோக்கி, உன் உடம்பும் உன் மூச்சும் உன்னிடமே உள்ளன, அவற்றுள் நுழைய எவர் அனுமதியும் வேண்டா என்னும் கருத்தை ஒருவர் அறிவித்தால், அது அவனுக்கு மறுப்பன்று, பெரும்பேறு. இன்னொன்றும் உண்டு. சிவயோகியார் மேனன் குடியிற் பிறந்தவர்; கோயிற்கதவு அவருக்கு அடைத்திருந்ததில்லை. தமக்குக் கிட்டாத ஒன்றை இகழ்ந்தவரல்லர் அவர். தமக்குக் கிட்டியதை, பிறர்க்கு மறுக்கப்பட்டதைக் கண்டபின்னும், போற்ற மறுத்தவர்.

இதே நோய்க்கு நாராயண குரு வேறு மருந்து கண்டார். 1888-ல் அருவிப்புறத்தில் தாமே சிவலிங்கத்தை நிறுவி, விலக்கப்பட்டோர்க்கெனக் கோயிலை உண்டாக்கினார். ஒருவர் கோயிலைக் கொடுத்தார். மற்றவர் கோயிலே வேண்டா என்றார். ஆயினும் குருவே பிற்காலத்தில், 1927-ல், களவங்கோட்டில் உருவத்திற்கு மாறாகக் கண்ணாடியை நிறுவினார் என்பதை நோக்குவார்க்கு, இருவரின் வழிகளும் அத்துணைத் தொலைவில் இல்லை என்பது விளங்கும். நம் நாட்டுச் சித்தர்களை அறிந்தவர்க்கும், வடலூரில் உருவமின்றிச் சோதியைக் காட்டிய வள்ளலாரை அறிந்தவர்க்கும் சிவயோகியாரின் குரல் முற்றிலும் அயற்குரலாக ஒலியாது.

1918-ல் ஆனந்த மகாசபை தோன்றியது. மனிதர் அனைவர்க்கும் சாதி ஒன்றே, அது ஆனந்த சாதி. மதமும் ஒன்றே, அது ஆனந்த மதம் என்பது அதன் கொள்கை. மாணாக்கர் பலர் திரண்டனர். அவர்களுள் புகழ்பெற்றவர் கண்ணூர்ப் பக்கத்துப் பாட்டியத்தில் 1885-ல் பிறந்த வயலேரி குஞ்ஞிக்கண்ணன். வாக்படானந்தர் என்னும் பெயரை அவருக்குச் சூட்டியவர் சிவயோகியாரே. பின்னர்க் கொள்கை வேறுபாட்டால் வாக்படானந்தர் விலகி, 1917-ல் ஆத்மவித்தியா சங்கத்தைக் கண்டார். கடவுட் கொள்கையில் ஆசிரியர் சென்ற அளவிற்கு மாணாக்கர் செல்லவில்லை. இப்பிரிவு வருந்தத்தக்கதே, ஆயினும் வீண்போகவில்லை. வாக்படானந்தரைப் பின்பற்றியதற்காக வேலை மறுக்கப்பட்ட எளிய தொழிலாளர் 1925-ல் ஊராளுங்கலில் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அச்சங்கம் இன்று சாலையும் பாலமும் கட்டும் பெருநிறுவனமாக வளர்ந்துள்ளது. யோகம் வேலையற்றோர் வேலை என்று நகைப்போர் இச்செய்தியை அறிதல் நலம்.

ஆலத்தூரில் எஞ்சிய ஆண்டுகளைச் சிவயோகியார் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் கழித்தார். 1929-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், தம் 77-ஆம் வயது நிறைந்தபின், உடல் நீத்தார். அவர் மாணாக்கர் நிர்மலானந்த யோகி ஆசிரியரின் கருத்துகளைப் பரப்பும் பணியைத் தொடர்ந்தார். நெல்லியாம்பதியிலிருந்தும் மூணாற்றிலிருந்தும் ஆண்டுதோறும் பழனிக்குச் செல்லும் நம் அன்பர்கள், ஒருமுறை ஆலத்தூருக்கும் சென்று, அப்பெரியார் அமர்ந்திருந்த ஊரையும் அதன்மேல் நிற்கும் வீழுமலையையும் கண்டுவரலாம்.