கல்லைப் படித்த பிள்ளை

பட்டான்செருவில் செம்மண்ணும் கரிசலும் அண்டை அண்டையாகக் கிடக்கின்றன. 1972-இல் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இங்கு அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு நான் தமிழ் எழுதக் கற்பித்து வருகிறேன். பாறை மேல் ஏறிச் சறுக்கி விளையாடிவிட்டு வருவார்கள். அப்பாறையைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்றால், பள்ளிப் பாடத்தை ஒப்பிப்பார்கள். கால் அறிந்ததைக் கை எழுதுவதில்லை! அப்போதெல்லாம் பீர்பால் சாஹ்னியை நினைத்துக்கொள்வேன்.

அவர் பிறந்தது 1891 நவம்பர் 14-இல். ஊர் மேற்குப் பஞ்சாபிலுள்ள பேரா. தந்தை ருசிராம் லாகூரில் வேதியியல் பேராசிரியர். தாய்மொழியாம் பஞ்சாபியில் பாமரருக்கு அறிவியல் விரிவுரை ஆற்றிய பெருமகன் அவர். நம் சங்கத்தார் இதனைக் கருத வேண்டும். விடுமுறை வந்தால் மக்களை அழைத்துக்கொண்டு இமயமலைக்கு நடப்பார். ரோதங் கணவாயும் அமர்நாத்தும் அப்பிள்ளைகளின் விளையாட்டுக் களங்கள். ஊருக்கு அணித்தே உப்பு மலைத்தொடர். கேவ்ராவின் உப்புச் சுரங்கம். அங்கே பாறை அடுக்குகள் ஏட்டின் பக்கங்கள்போல் திறந்து கிடக்கும். பீர்பால் முதலில் படித்த ஏடு அதுவே என்பேன். தம்பி முல்க்ராஜும் பின்னாளில் நிலவியலாரே ஆனார்.

1911-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே சீவர்டு என்னும் பேராசிரியரிடம், கல்லாய் மாறிய செடிகொடிகளை ஆராயப் பயின்றார். 1919-இல் திரும்பி, 1921-இல் இலக்னோவில் தாவரவியல் பேராசிரியரானார். இராஜமகால் குன்றுகளின் கற்களிலிருந்து மறைந்துபோன தாவர இனங்களை மீட்டு உலகுக்குக் காட்டினார். நம் திருவக்கரையின் கல்மரமும் 1931-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் இடம்பெற்றது. 1936-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிற்று.

அவர் எல்லாவற்றிலும் வென்றார் என்று எழுதினால் அது வாழ்த்துப்பாவாகிவிடும். இளமையில் திரிந்த அந்த உப்பு மலைக்கே 1940-களில் மீண்டும் போனார். உப்புப் பாறையைக் கரைத்துச் சலித்து, நுண்ணிய தாவரத் துகள்களைக் கண்டார். அதனால் அவ்வுப்பு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமையதே என வாதாடினார். 50 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது என்றனர் மற்றவர். அறிவுலகம் பின்னர் அவர்கள் பக்கமே நின்றது. துகள்கள் பிற்காலத்தே புகுந்தவையாகலாம். ஆயினும், பிறர் சொன்னதை ஒப்பியாமல் கல்லையே கேட்ட அந்த ஆசிரியரிடம் எனக்கு மதிப்புக் குறையவில்லை, கூடவே செய்கிறது.

1946-இல் தொல்தாவரவியல் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் கட்டடத்துக்கு அடிக்கல் செய்தவரும் அவரே. பல நாடுகளில் திரட்டிய கல்லுருக்களை அதில் பதித்திருந்தார். 1949 ஏப்ரல் 3-இல் நேரு அக்கல்லை நாட்டினார். ஏழாம் நாள், ஏப்ரல் 10-இல், சாஹ்னி மறைந்தார். கட்டடத்தை எழுப்பி, இருபது ஆண்டுகள் நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தியவர் அவர் மனைவி சாவித்திரி.