திருமறையைத் தொகுத்த வாலிபர்: ஹழ்ரத் ஸைத் இப்னு தாபித் (ரலி)

நம் இல்லங்களில் உறையிட்டு உயரத்தில் வைத்திருக்கும் திருக்குர்ஆனைக் கண்ணியத்தோடு எடுத்து ஓதுகிறோம். ரமலானில் கத்தம் செய்கிறோம். மர்ஹூம்களுக்காக யாஸீன் ஓதுகிறோம். பல இடங்களிலும் பலருடைய நெஞ்சங்களிலும் இருந்த அத்திருமறையை ஏடுகளாக ஒன்று சேர்க்கும் மாபெரும் பொறுப்பு, ஏறத்தாழ 22 வயதுடைய ஒரு வாலிபரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோமா? சிறுபிள்ளைக்கு என்ன தெரியும் என்று பெற்றோர் ஒதுக்கி வைப்பதும், ஊரோடு ஒத்துப் போனால் போதும் என்று பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்வதும் பெருகிவிட்ட இக்காலத்தில், ஹழ்ரத் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களின் வாழ்வு நமக்கு நல்லதொரு பாடமாகும்.

மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில், பனூ நஜ்ஜார் குடும்பத்தில் பிறந்தவர்கள் அவர்கள். அவ்ஸ், கஸ்ரஜ் ஆகிய இரு கோத்திரத்தாரும் மோதிக்கொண்ட புஆஸ் போரில் தந்தை கொல்லப்பட்டபோது அவர்களுக்கு வயது 6. தாயின் அரவணைப்பில் அநாதையாக வளர்ந்தார்கள். கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அவர்களுக்கு 11 வயது. அதற்குள்ளாகவே பத்துக்கும் மேற்பட்ட ஸூராக்களை மனனம் செய்திருந்தார்கள். குடும்பத்தார் அவர்களை அண்ணலாரிடம் அழைத்துச் சென்றார்கள். சிறுவரின் ஓதலைக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள்.

ஹிஜ்ரி 2இல் பத்ருப் போர் வந்தது. படையில் சேர வேண்டுமென்று ஸைத் (ரலி) அவர்களும் ஆவலோடு சென்றார்கள். வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். மனம் வாடியிருக்கும், ஆயினும் முடங்கிப் போகவில்லை. வாளேந்தும் வயது வரும்வரை தம்மால் தீனுக்குச் செய்யக்கூடிய பணி எதுவென்று பார்த்தார்கள். எழுத்தறிந்தோர் மிகச் சிலரே இருந்த சமுதாயம் அது. யூதர்களோடு நடைபெறும் கடிதப் போக்குவரத்துக்கு நம்பிக்கைக்குரிய ஒருவர் தேவைப்பட்டார். அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் பணிக்க, ஸைத் (ரலி) அவர்கள் அரை மாத காலத்தில் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள். அதன்பின் யூதர்களுக்குக் கடிதம் எழுதுவதும், அவர்களிடமிருந்து வருவதைப் படித்துக் காட்டுவதும் அவர்களின் பணியாயிற்று.

வஹீ இறங்கும்போது அதை எழுதும் பாக்கியமும் அவர்களுக்குக் கிடைத்தது. ஒருமுறை பெருமானாரின் தொடை இவர்களின் தொடைமீது இருந்த நிலையில் வஹீ இறங்கிற்று. அந்தப் பாரத்தில் தம் தொடை நொறுங்கிவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு அது கனத்தது. திருமறையின் பாரத்தைத் தம் உடலாலேயே உணர்ந்த வாலிபர் அவர்கள்!

அகழ்ப் போரின்போது மண் சுமந்து களைத்து, இருந்த இடத்திலேயே உறங்கிவிட்டார்கள். உமாரா இப்னு ஹஸ்ம் (ரலி) என்ற தோழர் விளையாட்டாக அவர்களின் ஆயுதத்தை எடுத்து மறைத்து வைத்தார்கள். விழித்துப் பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். விளையாட்டுக்காகக்கூட ஒரு முஸ்லிமைத் திடுக்குறச் செய்யலாகாது என்று அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தபூக் பயணத்தின்போது, அதே உமாரா (ரலி) அவர்களிடமிருந்த பனூ நஜ்ஜாரின் கொடி ஸைத் (ரலி) அவர்களிடம் மாற்றித் தரப்பட்டது. காரணம், குர்ஆனை அவர்கள் அதிகமாகக் கற்றிருந்ததே என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஹிஜ்ரி 11இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்தபோது பெரும் சோதனை ஒன்று வந்தது. ஸகீஃபா மண்டபத்தில் அன்ஸார்கள் கூடினார்கள். தலைமை தங்களுக்கும் வேண்டுமென்பது அங்கு பலருடைய பேச்சாக இருந்தது. பேசியவர்கள் ஸைத் (ரலி) அவர்களின் சொந்தக் கோத்திரத்தார், வயதில் மூத்தவர்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே அவர்கள் எழுந்தார்கள். அல்லாஹ்வின் தூதர் முஹாஜிர்களில் ஒருவராக இருந்தார்கள். நாம் அவர்களுக்கு உதவியாளர்களாக இருந்தோம். இனிவரும் தலைவரும் முஹாஜிர்களிலிருந்தே வரட்டும், அவருக்கும் நாம் உதவியாளர்களாகவே இருப்போம் என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். தம் இனத்தாருக்கு இலாபமான பேச்சைப் பேசாமல், உம்மத்துக்கு நலமான பேச்சைப் பேசினார்கள்.

அதன்பின் நடந்த யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானார்கள். திருமறையை ஒன்று சேர்க்க வேண்டுமென்று உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்த, கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் (ரலி) அவர்களை அழைத்தார்கள். வாலிபர், அறிவாளி, குறை சொல்ல இடமில்லாதவர், வஹீ எழுதியவர் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கலீபாவே கட்டளையிடுகிறார், உமரும் உடனிருக்கிறார் என்று அவர்கள் உடனே தலையாட்டிவிடவில்லை. அல்லாஹ்வின் தூதர் செய்யாத ஒரு காரியத்தை நாம் எப்படிச் செய்வது என்று மரியாதையோடு கேட்டார்கள். விளக்கம் கேட்டு, அல்லாஹ் அவர்களின் நெஞ்சத்தை விரிவாக்கிய பின்னரே இசைந்தார்கள். ஒரு மலையை இடம்பெயர்க்கச் சொல்லியிருந்தால்கூட அது இவ்வளவு பாரமாக இருந்திராது என்று எண்ணினார்கள். ஆனால் ஏற்ற பிறகு பின்வாங்கவில்லை.

தாமே மனனம் செய்தவராக இருந்தும் தம் நினைவை மட்டும் நம்பி எழுதிவிடவில்லை. பேரீச்ச மட்டைகள், தட்டையான வெண்கற்கள், மனிதர்களின் நெஞ்சங்கள் ஆகியவற்றிலிருந்து தேடித் தேடிச் சேர்த்தார்கள். எழுதப்பட்டதைக் கொண்டு வருவோரிடம் சாட்சிகள் இருவரைக் கேட்டார்கள். அவ்வாறு சேர்க்கப்பட்ட ஏடுகள் அபூபக்ர், உமர் (ரலி) இருவரிடமும், பின்பு அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமும் பாதுகாக்கப்பட்டன. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் பிரதிகள் எடுக்கப்பட்டபோதும் அந்தக் குழுவில் ஸைத் (ரலி) அவர்கள் இடம்பெற்றார்கள்.

பராயிள் எனப்படும் வாரிசுரிமைக் கல்வியில் அவர்கள் தலைசிறந்து விளங்கினார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இத்துறையில் அவர்களின் வழியையே தேர்ந்துகொண்டார்கள். எனவே தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள ஷாஃபிஈ குடும்பங்களில் ஷரீஅத் முறைப்படி நடக்கும் ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் அந்த மதீனத்து வாலிபரின் உழைப்பு இருக்கிறது. யாராவது மார்க்கத் தீர்ப்புக் கேட்டால், இது உண்மையில் நடந்ததா என்று முதலில் விசாரிப்பார்கள். நடக்காததாயின், நடக்கும்வரை விட்டுவிடச் சொல்வார்கள். ஹிஜ்ரி 45இல் அவர்கள் வஃபாத்தானார்கள் என்பது அறிஞர்கள் பலரின் கூற்று. பெரும் கல்வி ஒன்று மண்ணுக்குள் மறைந்ததென ஸஹாபாக்கள் கலங்கினார்கள்.

வாலிபச் சகோதரர்களே! தந்தை மவுத்தாகிப் பல ஆண்டுகள் கடந்தும் சொத்தைப் பிரிக்காமல், சகோதரிகளுக்குரிய பங்கைக் கொடுக்காமல் இருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. ஊரில் எல்லாரும் இப்படித்தானே என்பது அங்கு சொல்லப்படும் சமாதானம். அத்தகைய வீட்டில் இளைய மகன் ஒருவன் எழுந்து, என் சகோதரியின் பங்கைக் கொடுத்துவிடுவோம், என் பங்கு குறைந்தாலும் பரவாயில்லை என்று பணிவோடும் உறுதியோடும் சொல்வானாயின், ஸகீஃபாவில் எழுந்து நின்ற வாலிபரின் அடிச்சுவட்டில் அவன் நடந்தவனாவான்.

பெற்றோர்களே! அப்படி ஒரு பிள்ளை பேசினால் அவன் வாயை அடைக்காதீர்கள். வீட்டுக் கணக்கையும் ஜகாத் கணக்கையும் இப்போதே அவன் கையில் கொடுத்துப் பழக்குங்கள்.

அல்லாஹு தஆலா நம் பிள்ளைகளைக் கூட்டத்தின் பின்னால் ஓடுவோராக அல்லாமல், அமானிதத்தைச் சுமப்போராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.