64 காலணா அஞ்சலட்டைகள்

வட இந்தியத் திகம்பர சமணரிடையே இருபதாம் நூற்றாண்டில் அறநூற் கல்விக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் தலையாயவர் கணேசப்பிரசாத் வர்ணி. காசியிலும் சாகரிலும் கல்விக்கூடங்கள் தோன்றக் காரணமாக இருந்த அப்பெரியார் செல்வக் குடியில் பிறந்தவரும் அல்லர். பிறப்பால் சமணரும் அல்லர். அவருடைய வாழ்க்கையை நோக்கினால், இடர் மிகுந்த காலத்தில் நம்பிக்கை எவ்வளவு சிறிய அடிகளை வைத்து நடக்கிறது என்பது புலப்படும்.

புந்தேல்கண்டுப் பகுதியில், இன்றைய லலித்பூர் மாவட்டத்து ஹசேரா என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் ஹீராலால், தாயார் உஜியாரி. வைணவ நெறியைப் பின்பற்றிய வணிகக் குடும்பம் அது. பின்னர் அவர்கள் குடியேறிய மடாவராவில், வீட்டின் அருகே ஜினாலயம் ஒன்று இருந்தது. அங்கே நிகழ்ந்த பத்மபுராணச் சொற்பொழிவைச் சிறுவன் கணேசன் நாள்தோறும் கேட்டான். அங்கிருந்தோர் இரவுணவைத் துறக்கும் விரதம் ஏற்பதைக் கண்டு, தானும் அவ்விரதத்தை ஏற்றுக்கொண்டான். அப்போது அவனுக்கு அகவை 10. தத்துவம் எதனையும் அவன் அறிந்திருக்கவில்லை. கதிரவன் மறைந்தபின் உண்ணாதிருத்தல் என்னும் ஒரு சிறு நோன்பே அவனுடைய சமண வாழ்வின் முதற்படி ஆயிற்று.

இளமையில் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. ஊர்ப் பள்ளிப்படிப்பு 15 வயதளவில் முடிந்தது; அதற்கு மேல் கற்க அங்கே வழியில்லை. 18ஆம் வயதில் திருமணம் நடந்தது. சில காலத்திற்குள் தந்தையார் மறைந்தார். பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒருபோதும் கைவிடலாகாது என்பதே அவர் மகனுக்கு விட்டுச்சென்ற செல்வம். குடும்பத்தைக் காக்க இளைஞர் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். அவர் தேர்ந்த நெறியைத் தாயும் மனைவியும் ஏற்கவில்லை. உற்றாரின் இசைவும் இல்லை; நெறியை முறையாகக் கற்பிக்க ஆசிரியரும் இல்லை.

இந்நிலையில்தான் சிம்ரா என்னும் ஊரில் சிரோஞ்சாபாய் அம்மையாரை அவர் சந்தித்தார். இளமையிலேயே கணவரை இழந்து, அறவழியில் காலத்தைக் கழித்துவந்தவர் அவ்வம்மையார். அவர் கணேசப்பிரசாதரைத் தம் வயிற்றுப் பிள்ளையாகவே கருதினார். அவருடைய கல்விக்கும் நோன்பிற்கும் இறுதிவரை துணைநின்றார். வர்ணியும் அவரை அறத்தாயாகப் போற்றினார்.

கல்வி கற்கும் வேட்கையோடு ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட இளைஞரின் உடைமைகள் குவாலியரில் களவு போயின. கையில் பொருளின்றி, பசியோடு, வந்த வழியே திரும்ப நேர்ந்தது. குரையில் ஒரு பண்டிதரை அணுகியபோது, பிறப்பால் சமணரல்லாத இவருடைய பற்றை அவர் ஐயுற்றுக் கடிந்து பேசினார். தாம் உயிரினும் மேலாக ஏற்ற நெறியைச் சேர்ந்தவரே தம்மை நம்பவில்லை என்பது அவ்விளைஞரின் நெஞ்சைச் சுட்டது. ஆயினும் சினந்து நெறியைத் துறக்கவில்லை. அந்நூல்களைக் கற்றே தீர்வது என்று உறுதிகொண்டார்.

அவ்வுறுதி அவரைப் பம்பாய்க்குக் கொண்டு சேர்த்தது. அந்நகரில் குருதயாள் என்னும் பெரியவர் விற்பனைக்காகக் கொடுத்த குறிப்பேடுகளை விற்று, அவ்வருவாயில் உணவுக்கும் படிப்புக்கும் வழிதேடிக்கொண்டார். காதந்திர இலக்கணத்தையும், ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும் பயின்று தேர்வில் வென்றார். அருங்கலச்செப்பு வாயிலாகத் தமிழ்ச் சமணர் அறிந்த இல்லறத்தார் ஒழுக்கமே அவ்வடமொழி நூலின் பொருள். பெருவிரதங்களைத் தாங்க இயலாத இல்லறத்தானுக்கு அணுவிரதங்களை வகுத்து, 11 நிலைகளில் ஒவ்வொன்றாக ஏறிச்செல்லச் சொல்லும் நூல் அது. அந்நூல் காட்டிய படிவரிசையே பின்னர் வர்ணியின் வாழ்க்கை வரலாறாகவும் அமைந்தது.

பின்னர் ஜெய்ப்பூரில் பயின்றுகொண்டிருந்தபோது மனைவி இறந்த செய்தி வந்தது. அத்துயரையும் தாங்கிக் கல்வியைத் தொடர்ந்தார். நியாய நூல்களைத் துறைபோகக் கற்க வேண்டுமாயின் காசிக்குச் சென்றாக வேண்டும் என்று உணர்ந்து அந்நகரை அடைந்தார். அங்கே புகழ்பெற்ற ஓர் ஆசிரியர், வந்தவர் சமணர் என்று அறிந்ததும் கற்பிக்க மறுத்து அனுப்பிவிட்டார். சுபார்சுவநாதரும் பார்சுவநாதரும் பிறந்தருளிய நகரில், அவர்தம் நெறியைச் சார்ந்த மாணவனுக்குப் பாடம் கேட்க ஓர் இடமில்லை என்ற நிலை அவரை வருத்தியது. பின்னர் அம்பாதாஸ் சாஸ்திரி என்னும் பெரும்புலவர் மனமுவந்து அவருக்குக் கற்பித்தார். தமக்கு ஆசிரியர் கிடைத்ததோடு வர்ணியின் உள்ளம் அமைதி அடையவில்லை. தமக்குப் பின்னே வரும் மாணவர்களும் இவ்வாறே வாயில்தோறும் நின்று திரும்ப வேண்டுமோ என்னும் எண்ணம் அவரை விடவில்லை. காசியில் சமணருக்கென ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று அவர் விரும்பினார். கையிலோ பொருள் இல்லை. நாடறிந்த பெயரும் இல்லை.

இவ்விருப்பத்தைக் கேட்ட ஜம்மன்லால் என்னும் அன்பர் ஒரு ரூபாயை நன்கொடையாக அளித்தார். கல்லூரி எழுப்ப ஒரு ரூபாய் என்றால் எவரும் நகைக்கக்கூடும். வர்ணி அதனை வணங்கிப் பெற்றுக்கொண்டார். அந்நாளில் அஞ்சலட்டை ஒன்றின் விலை காலணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஆகவே 64 அஞ்சலட்டைகள் கிடைத்தன. அவற்றை நாட்டின் பல பகுதிகளிலும் வாழ்ந்த சமணப் பெருமக்கள் 64 பேருக்கு எழுதி அனுப்பினார். காசியில் கல்விக்கூடம் ஒன்று அமைய வேண்டியதன் தேவையை அவ்வட்டைகள் தாங்கிச் சென்றன.

மறுமொழிகள் வரத் தொடங்கின. உதவ முன்வந்தோர் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்தனர். 1905ஆம் ஆண்டு சுருத பஞ்சமி நன்னாளில், பம்பாய் வள்ளல் மாணிக்சந்த் ஹீராசந்த் அவர்களின் கையால் சியாத்வாத மகாவித்தியாலயம் தொடங்கப்பெற்றது. சுபார்சுவநாதரின் பிறப்பிடமாகப் போற்றப்படும் பதைனியில், கங்கைக் கரையில் அக்கல்விக்கூடம் நிலைகொண்டது. புட்பதந்தரும் பூதபலியும் சட்கண்டாகமத்தை ஏட்டில் ஏற்றி நிறைவுசெய்த நாளாகச் சுருத பஞ்சமி கொண்டாடப்படுகிறது. நினைவில் மட்டும் வாழ்ந்த ஆகமம் அழிந்துவிடலாகாதே என்னும் கவலையில் பிறந்த நூல் அது. கற்பார் குறைந்து கல்வி மறைந்துவிடலாகாதே என்னும் கவலையில் பிறந்த கல்லூரிக்கு அதனினும் பொருத்தமான நாள் வேறில்லை.

பாபா பகீரத வர்ணி கல்லூரியின் கண்காணிப்பாளர் ஆனார். நிறுவியவராகிய கணேசப்பிரசாதர் பதவி எதனையும் நாடாமல், அதன் முதல் மாணவராகவே அமர்ந்து பாடம் கேட்டார். அம்பாதாஸ் சாஸ்திரியார் அங்கே ஆசிரியரானார். அக்கல்லூரியில் பயின்று பின்னர் அதன் முதல்வராகவே உயர்ந்த கைலாசசந்திர சாஸ்திரியும், அங்கே கற்பித்த மகேந்திரகுமார் நியாயாசாரியரும் சமணத் தத்துவ நூல்களை ஆராய்ந்தும் பதிப்பித்தும் பெரும்பணி ஆற்றினர். சாகரிலும் வர்ணியின் முயற்சியால் ஒரு வடமொழிக் கல்விக்கூடம் எழுந்தது. புந்தேல்கண்டின் ஏழைச் சிறுவர் பலர் அதனால் கல்வி பெற்றனர்.

பொருளைத் துறக்கத் துறக்க அவருடைய ஈகை வளர்ந்தது. 1945ஆம் ஆண்டு, இந்திய தேசிய இராணுவ வீரர்களின் வழக்கிற்கு நிதி திரட்ட ஜபல்பூரில் கூட்டம் கூடியது. வர்ணியிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லை. தாம் போர்த்தியிருந்த மேலாடையைக் கழற்றிக் கொடுத்தார். அஃது ஏலத்தில் 3000 ரூபாய்க்குச் சென்றது. ஒரு ரூபாயின் மதிப்பை அறிந்தவருக்கு ஒரு துணியின் மதிப்பும் தெரிந்திருந்தது.

துறவிலும் அவர் தாவி ஏறவில்லை. முதலில் பிரமசரிய விரதம். பின்னர் க்ஷுல்லக நிலை. ஊர்திகளைத் துறந்தபின் சம்மேத சிகரத்திற்கும் கால்நடையாகவே சென்றார். முதுமையில் அச்சிகரத்தின் அருகேயுள்ள ஈசரியில் தங்கினார். இறுதியில் முனிவர் விரதம் ஏற்று, கணேசகீர்த்தி என்னும் திருப்பெயரோடு, 1961ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சமாதி எய்தினார். 10 வயதில் இரவுணவைத் துறந்தவர் 87ஆம் வயதில் உணவனைத்தையும் துறந்தார். இடையில் இருந்தவை ஒவ்வொன்றாக அவர் ஏறிய படிகள்.

களவு, பசி, இழிமொழி, மறுப்பு, பிரிவு ஆகிய அனைத்தையும் அவர் கண்டார். அவ்வேளைகளில் முழுப்பாதையும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த அடி மட்டுமே தெரிந்தது. அதனை அவர் வைத்தார். துன்பம் சூழ்ந்த இல்லங்களில், நாள்தோறும் ஒரு முறை பஞ்ச நமஸ்காரம் ஓதுவதும், பொழுது சாயுமுன் உண்டு எழுவதும், பிள்ளைக்கு ஒரு பாடலேனும் கற்பிப்பதும் அற்பச் செயல்களாகத் தோன்றலாம். காசிக் கல்லூரியின் முதலீடும் ஒரு ரூபாயே.