நண்பர் திருத்திய கவிதை

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று போன் வந்தபோது, நமக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நழுவத்தான் பார்த்தேன். அப்புறம் டி. எஸ். எலியட் ஞாபகம் வந்தது. அவரும் நம்மைப் போல காலையில் ஆபீஸுக்குப் போய் வந்த மனுஷர்தானே!

1888-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். ஹார்வர்டில் தத்துவம் படித்தார்; கூடவே சமஸ்கிருதமும் பாலியும். 1914-ல் லண்டனில் எஸ்ரா பவுண்ட் என்ற இன்னொரு அமெரிக்கக் கவிஞரின் பழக்கம் ஏற்பட்டது. எலியட்டிடம் மூன்று வருஷமாகச் சும்மா கிடந்த 'புரூஃப்ராக்' கவிதையைப் படித்ததும் பவுண்ட் துள்ளிக் குதித்தார். சிகாகோவின் 'பொயட்ரி' பத்திரிகைக்கு அனுப்பி, தயங்கிய ஆசிரியையோடு மல்லுக்கு நின்று, 1915-ல் அச்சேற வைத்தார். அதே வருஷம் எலியட்டுக்கும் விவியனுக்கும் கல்யாணம். 1917-ல் லாயிட்ஸ் வங்கியில் வேலை. பகலெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு, ராத்திரி எழுத்து, வீட்டில் மனைவிக்கு ஓயாத உடம்புக் கோளாறு.

1921-ல் ஆள் ஒடிந்தே போனார். வங்கி மூன்று மாதம் லீவு கொடுத்தது. மார்கேட் கடற்கரையில் கொஞ்ச நாள், பிறகு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மனநலச் சிகிச்சை. ஏற்கெனவே துண்டு துண்டாக எழுதி வைத்திருந்த நீண்ட கவிதை ஒன்றை அந்த நாட்களில்தான் வளர்த்தார். 1922 ஜனவரியில் ஊர் திரும்பும் வழியில் பாரிஸில் இறங்கி, காகிதக் கட்டை அங்கிருந்த பவுண்டிடம் கொடுத்தார்.

டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்த நண்பர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்ட டிராயிங் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும்போது வயிறு என்ன பாடு படும்! பவுண்ட் அப்படித்தான் அடித்தார். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் பழைய பாணியில் எழுபது வரி, போயிற்று. நான்காம் பகுதியில் நீளமான கடற்பயணம். பத்து வரி தவிர எல்லாம் போயிற்று. மனம் சோர்ந்த எலியட், அந்தப் பத்து வரியையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது, அது இருந்தே ஆகவேண்டும் என்றார் பவுண்ட். லோசானில் எழுதிய கடைசிப் பகுதியில் அவர் அநேகமாகக் கை வைக்கவே இல்லை. பிருகதாரண்யக உபநிஷதச் சொற்கள் வருகிற பகுதி அது. வெட்டியதைவிட இந்த வெட்டாமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

விவியனையும் சொல்லியாக வேண்டும். ஓரத்தில் பாராட்டி எழுதினார், மதுக்கடைப் பேச்சில் ஒரு வரி தந்தார், மனசைக் குத்திய வேறொரு வரியை எடுக்கச் சொன்னார். பின்னாளில் அந்தக் கல்யாணம் முறிந்தது. 1947-ல் அவர் மனநல விடுதியிலேயே இறந்தார். ஆனால் நண்பர் பவுண்டுக்குக் கிடைத்த பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை.

434 வரியாகச் சுருங்கிய அந்தக் கவிதைதான் 1922 அக்டோபரில் வெளிவந்த 'பாழ்நிலம்'. எலியட் அதை பவுண்டுக்கே காணிக்கையாக்கினார். 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. பவுண்ட் கதை வேறு. இரண்டாம் உலகப்போரில் முசோலினிக்காக ரேடியோவில் பேசி, தேசத்துரோகக் குற்றச்சாட்டில் சிக்கி, வாஷிங்டனில் மனநல மருத்துவமனையில் அடைபட்டார். அந்தப் பேச்சுகளுக்கு மன்னிப்பே கிடையாது என்பது என் கட்சி. ஆனாலும் அவரை வெளியே கொண்டுவரப் பாடுபட்டவர்களில் எலியட்டும் ஒருவர். 1958-ல் விடுதலை.

திருத்திய அந்தக் கைப்பிரதியை எலியட் 1922-லேயே ஜான் குவின் என்ற அமெரிக்க வக்கீலுக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். குவின் இறந்தபின் அது தொலைந்ததாகவே நினைத்தார்கள். 1965-ல் எலியட் காலமானபோதும் அவருக்குத் தெரியாது, நியூயார்க் பொது நூலகம் ஏழு வருஷம் முன்பே அதை வாங்கி வைத்திருந்தது. 1968-ல்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டாவது மனைவி வாலரி பதிப்பித்து 1971-ல் புத்தகமானது. அடித்தல் திருத்தல், ஓரக் குறிப்பு எல்லாம் அப்படியே அச்சில். முன்னுரை பவுண்ட் எழுதினார், சின்னதாக. மறு வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.