ஹோட்டல் பாக்கிக்குப் போன கோபுரம்

கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை லிஃப்டுக்குள் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நிகோலா டெஸ்லாவின் கதை உங்களுக்குத்தான். மின்சாரத்தைக் கம்பியே இல்லாமல் உலகம் முழுக்க அனுப்ப நினைத்தவர் அவர்.

1856-ல் இன்றைய குரோஷியாவிலுள்ள ஸ்மில்யான் கிராமத்தில் பிறந்தார். 1884-ல் அமெரிக்கா போனார். உங்கள் வீட்டு பிளக்கில் வரும் மாறுதிசை மின்சாரம் ஊரெங்கும் பரவியதில் அவருடைய மோட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு. அத்தோடு நிறுத்தியிருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார்.

1901-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 57 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். வங்கியாளர் ஜே.பி. மோர்கன் 1,50,000 டாலர் கொடுத்தார். மோர்கனுக்கு வேண்டியது அட்லாண்டிக் கடல் தாண்டிச் செய்தி அனுப்பும் நிலையம்; டெஸ்லாவின் மனதில் இருந்ததோ மின்சாரம். அதே டிசம்பரில் மார்க்கோனி முந்திக்கொண்டு கடல் தாண்டி சிக்னல் அனுப்பிவிட்டார். டெஸ்லா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியும் மோர்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை.

இத்தனைக்கும் அவர் தங்கியிருந்தது விலையுயர்ந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில். பாக்கி சுமார் 20,000 டாலர்! நம் பராமரிப்புக் கட்டண நிலுவைப் பட்டியலெல்லாம் அதன் முன் தூசு. 1915-ல் கோபுர நிலத்தை ஹோட்டல்காரர்களுக்கே எழுதிக் கொடுத்தார். 1917-ல் அவர்கள் கோபுரத்தை இடித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

பணம் கிடைத்திருந்தாலும் அது பலித்திருக்காது. பூமியையே கம்பியாக்கலாம் என்று அவர் போட்ட கணக்கு தப்பு. பிறகு ஹோட்டல் ஹோட்டலாக மாறினார். அடிபட்ட புறாக்களை அறைக்கே தூக்கி வந்து பார்த்துக்கொண்டார். (பால்கனியில் வலை கட்டியவர்கள் மன்னிக்கவும்.) 1943 ஜனவரி 7 அன்று, ஹோட்டல் நியூயார்க்கரின் 33-வது மாடியில், 3327-ம் எண் அறையில் தனியாக இறந்துபோனார்.

ஆசை மட்டும் சாகவில்லை. வேறு வழியில் வந்தது. விண்வெளியில் சூரியத் தகடுகளை நிறுத்தி, மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றி பூமிக்கு அனுப்பலாம் என்று 1968-ல் பீட்டர் கிளேசர் சொன்னார். 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பிக் காட்டினார்கள். நம் வீட்டு ஏசி இருபதாவது ஓடும். 2023-ல் கால்டெக்கின் சோதனைக் கருவி, விண்வெளியிலேயே கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பியது. தூரம் சுமார் ஓர் அடிதான். எரிந்தவை இரண்டு சின்ன எல்.இ.டி. விளக்குகள்.